ஃபாரஸ்ட் சிட்டி: ஆள் வந்தால் குறை தீருமா?

ஜொகூர் நீரிணையில், சிங்கப்பூரின் துவாஸ் கரைக்கு எதிரே, கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டியைப் பத்திரிகைகள் ‘பேய் நகரம்’ என்றே எழுதிப் பழகிவிட்டன. அந்தப் பட்டம் திட்டத்தின் பெரிய பிழையை மறைத்துவிடுகிறது. ஆள் இல்லாததுதான் குறை என்றால், ஆள் வந்ததும் கணக்கு நேராகிவிட வேண்டும். 2023 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இதைச் சிறப்பு நிதி மண்டலமாக அறிவித்ததும், மறு ஆண்டே பெருஞ்செல்வக் குடும்பங்களின் முதலீட்டு அலுவலகங்களுக்கு இங்கே வரி கிடையாது என்ற சலுகை வந்ததும் இந்த நம்பிக்கையில்தான். நம்பிக்கை சரியா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். நகரம் யாருக்காகக் கட்டப்பட்டது? எதன் மேல் கட்டப்பட்டது? விலை கொடுத்தவர் யார்?

திட்டத்தின் கனவு பெரியது. சீனாவின் கன்ட்ரி கார்டன் நிறுவனமும், ஜொகூர் சுல்தானுக்குப் பங்குள்ள ஓர் உள்ளூர் நிறுவனமும் சேர்ந்து 2014-இல் வேலையைத் தொடங்கின. நான்கு தீவுகள், சுமார் 1,386 ஹெக்டேர், 10,000 கோடி டாலர் முதலீடு, 7 லட்சம் பேர் குடியிருப்பு என்பது இலக்கு. கார்கள் கீழ்த்தளத்தில் ஓடும். மேலே நடக்கவும் நிழலில் உட்காரவும் இடம். கட்டடச் சுவர்களில் செடிகொடிகள். வெயில் கொளுத்தும் ஊருக்கு இது நல்ல வடிவமைப்பு என்பதை மறுக்க முடியாது. ஆனால் பத்தாண்டு நெருங்கியபோது, 2023 இறுதியில், திட்டத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடுதான் எழும்பியிருந்தது. கட்டிய வீடுகளிலும் பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன.

காரணம் கேட்டால் ஆதரவாளர்கள் அடுக்கடுக்காகச் சொல்வார்கள். 2017 வாக்கில் சீன அரசு வெளிநாட்டுக்குப் பணம் போவதை இறுக்கியது. 2018-இல் பிரதமர் மகாதீர் வெளிநாட்டினருக்கு இங்கே வீடு விற்பதை எதிர்த்துப் பேசினார். பிறகு கொரோனா. 2021-இல் வெளிநாட்டினருக்கான நீண்டகாலத் தங்கல் விசாவின் விதிகள் கடுமையாயின. 2023 அக்டோபரில் கன்ட்ரி கார்டனே டாலர் கடனைக் கட்ட முடியாமல் தவறியது. இத்தனை அடியும் அடுத்தடுத்து விழுந்தால் எந்தத் திட்டம் தாங்கும் என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். விற்பனைக் கூடத்தில் வைத்திருந்த பிரம்மாண்டமான நகர மாதிரியைச் சுற்றி நின்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். சீனர் ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் அந்நியச் செலாவணி வாங்க முடியாது என்ற வரம்போ திட்டத்துக்கும் முந்தையது. அரசு புதிதாகச் செய்ததெல்லாம் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியதுதான். அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருக்கும்வரை மட்டுமே ஓடக்கூடிய வியாபாரத்தின் மேல் 7 லட்சம் பேருக்கான நகரத்தைத் திட்டமிட்டிருக்கிறார்கள். இதைத் துரதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

துபாயின் பாம் ஜுமெய்ராவை இங்கே ஒப்பிட வேண்டும். அதுவும் கடலில் மணல் கொட்டி எழுப்பியதே. அதைக் கட்டிய நக்கீல் நிறுவனமும் 2009-இல் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துத் துபாயைத் தூக்கிவிட்டது. ஆனாலும் பாம் ஜுமெய்ராவில் மக்கள் வாழ்கிறார்கள். அதன் பின்னால் வேலையும் விமான நிலையமும் பல நாட்டு வாடிக்கையாளர்களும் உள்ள ஒரு நகரம் நிற்கிறது. ஃபாரஸ்ட் சிட்டிக்கு அந்த முதுகெலும்பு இல்லை. ஜொகூர்க்காரர்களுக்கு வேலை ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. இரு நாட்டையும் இணைக்கும் புதிய ரயில் பாதையும் ஜொகூர் பாரு நகர மையத்திலிருந்துதான் புறப்படுகிறது.

அடுத்த கேள்வி இன்னும் கனமானது. இந்தத் தீவின் அருகே, புலாய் ஆற்று முகத்துவாரத்தில், மெராம்போங் கடற்புல் படுகை இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் பச்சைப் புல்வெளி வெளியே தெரியும். ஊர்க்காரர்கள் கூடையோடு இறங்கிச் சங்கும் மட்டியும் பொறுக்குவார்கள். புல்லின் தாளில் வாலைச் சுற்றிக்கொண்டு கடற்குதிரை நிற்கும். ஆவுளியா மேயவரும் இடமும் இதுவே. பக்கத்திலுள்ள புலாய் ஆற்றுச் சதுப்புக் காடு 2003 முதல் ராம்சர் தலம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்.

50 ஹெக்டேரும் அதற்கு மேலும் கடலைத் தூர்ப்பதானால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது அப்போதைய மலேசியச் சட்டம். இங்கே விரிவான மதிப்பீடு முடியும் முன்பே மணல் விழுந்தது. 2014-இல் சிங்கப்பூர் கவலை தெரிவித்தது, வேலை நிறுத்தப்பட்டது, 2015 ஜனவரியில் நிபந்தனைகளோடு ஒப்புதல் கிடைத்தது. இதே நீரிணையில் சிங்கப்பூர் கடலைத் தூர்த்தபோது, பாதிப்பு வரும் என்று 2003-இல் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம்வரை போன நாடு மலேசியா. அன்று அது கேட்ட நியாயத்தைத் தன் மீனவர்களுக்கு முதலிலேயே வழங்கியிருக்க வேண்டும்.

விலை கொடுத்தது தஞ்சோங் குப்பாங் வட்டாரத்து மீனவர்கள். கிராம இளைஞர் சிலருக்கு வேலை கிடைத்ததும் உண்மை, அதையும் தட்டில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலை நிறுவனத்தின் பணநிலையைப் பொறுத்தது. கடலோ தலைமுறைக்கும் சோறு போட்டது. அந்தக் கடற்கரை மக்களோடு பல ஆண்டு இருந்து எழுதிய ஆய்வாளர் செரினா ரஹ்மான், ஃபாரஸ்ட் சிட்டியின் சிக்கல்களை 2017-லேயே எடுத்துச் சொன்னார். திட்டமிட்டவர்களிடம் தகவலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

2024-இல் தொழில்முனைவர் பாலாஜி சீனிவாசன் இங்கே தொடங்கிய ‘நெட்வொர்க் ஸ்கூல்’ வெளிநாட்டு இளைஞர்களைக் கொண்டுவந்தது. வரிச்சலுகையால் இன்னும் சிலர் வரலாம். வரட்டும், எழும்பிவிட்ட கட்டடங்கள் பயன்படுவது நல்லதே. ஆனால் அதனால் மூன்று கேள்விகளுக்குமான விடை மாறாது. வாங்குபவரை மட்டும் நினைத்து, வாழ்பவரை நினைக்காமல், மதிப்பிடும் முன்பே கடலை மூடிக் கட்டிய நகரம் இது. வீடு நிறைந்தாலும் இது தோற்ற திட்டமே.

ஆகவே கட்டியதோடு நிறுத்தி, மீதித் தீவுகளுக்கான அனுமதியை மலேசிய அரசு ரத்துசெய்ய வேண்டும். பினாங்கின் தென்கரையில் மீனவர்களின் எதிர்ப்புக்கு நடுவே இன்னொரு செயற்கைத் தீவுக்கு 2023 முதல் மணல் விழுந்துகொண்டிருக்கிறது. அங்கே விற்பனைக் கணக்கைப் பார்க்கும் முன், அந்தக் கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் கணக்கை அரசு பார்க்கட்டும்.