கோவூர் கிழாரும் சோழர் குடிப்பூசலும்

நாட்டில் நெருக்கடி நேருங்கால் இலக்கியம் ஆற்றும் பணி யாது என்னும் வினா திறனாய்வாளரிடையே ஓயாது எழுவது. இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பர் ஒரு சாரார். படைக்கலம் என்பர் மற்றொரு சாரார். கண்ணாடி கண்டதைக் காட்டுமேயன்றி எவரையும் தடுக்காது. படைக்கலமோ ஏந்தியவன் ஏவல்வழி நிற்பது. இவ்விரண்டனுள்ளும் அடங்காத பிறிதொரு நெறி உண்டென்பதைப் புறநானூற்றில் அடுத்தடுத்து அமைந்த கோவூர் கிழார் பாடல்கள் நான்கு (44–47) உணர்த்துகின்றன.

சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டது. ஆவூரிலும் உறையூரிலும் நெடுங்கிள்ளி கோட்டையை அடைத்து உள்ளிருந்தான். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பால் இந்நிகழ்ச்சிகளைக் கூறும் கொளுக்கள் கற்றோர்க்கு எளிதிற் கிட்டின. கொளுக்கள் பிற்காலத்துத் தொகுத்தோரால் அமைக்கப்பட்டன என்பாரும் உளர். ஆயினும் பாடல்கள் கூறும் செய்திகள் அவற்றோடு பொருந்தியே நிற்கின்றன.

ஆவூர்ப் பாடலிற் புலவர் போரின் தீமையைப் பொதுவகையால் எடுத்துரைத்தாரல்லர். நீராடலும் நெய்க்கவளமும் இன்றி கை நிலத்திற் புரள வருந்தும் யானைகளையும், பாலின்றி அழும் குழந்தைகளையும், பூவின்றி வெறுங்கூந்தல் முடிக்கும் மகளிரையும், தண்ணீரின்றி அரற்றும் வீடுகளையும் காட்டுகின்றார். அதன் பின்னரே, அறத்தை விரும்பினால் ஊரைக் கொடுத்துக் கதவைத் திறக்க. மறத்தை விரும்பினால் போருக்குத் திறக்க என்கின்றார். இரண்டுமின்றி மதிலுள் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பது அவர் முடிபு. மன்னனின் மானத்தைப் பற்றிய வழக்கிற்கு ஊரின் பசியே சான்றாகின்றது.

உறையூர் முற்றுகையிற் பாடியது இன்னும் அரியது. நலங்கிள்ளி கோவூர் கிழாரைப் புரந்தவன்; அவன் புகழை அவர் பாடிய பாடல்கள் பலவுள. எனினும் இங்கே முற்றியவனையும் அடைபட்டவனையும் ஒரே நிறையில் வைக்கின்றார். எதிர்நிற்பவன் சூடியது பனையுமன்று, வேம்புமன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. புரவலன் கைப்பொருளால் வாழும் புலவன் அவனைப் பகைவனோடு சமமாக நிறுத்துவது சிறு செயலன்று.

எனினும் இவ்வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. பனையும் வேம்பும் சூடிய சேரனும் பாண்டியனும் எதிர்நின்றால் யாது கூறியிருப்பார்? பாண்டியனது ஏழெயிற் கதவை உடைத்துப் புலிப்பொறி பொறித்த வெற்றியை அவரே பாடியிருக்கின்றார் (33). குடியொற்றுமையை நிலைக்களனாகக் கொண்ட அமைதி குடியின் எல்லையோடு நின்றுவிடுவது.

அவ்வெல்லையைக் கடப்பது அடுத்த பாடலாகும். கிள்ளிவளவன் மலையமானுடைய சிறுவரை யானைக்கு இடத் துணிந்தபோது, அச்சிறுவர் சோழர் குடியினருமல்லர், பகைவன் மக்கள். புலவர் புறாவுக்காகத் தன்னை ஈந்த சோழர் முன்னோனையும், கற்றோர் வருந்தாவண்ணம் பகுத்துண்ட மலையமான் மரபையும் நினைவூட்டிப் பின் ஒரு காட்சியைக் காட்டுகின்றார்: யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்த சிறுவர், அவையைக் கண்டு மருளுகின்றனர். தம்மைக் கொல்ல வந்த விலங்கையே வேடிக்கை பார்க்கும் அவ்வறியாமைக்கு எவ்வரசியலும் விடை கூற இயலாது. அதனாலேயே தீர்ப்பினைக் கேட்டவனிடமே விட்டுவிடுகின்றார்.

இறுதிப் பாடல் புலவர் குலத்தையே காப்பது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். பறவைபோல் நெடுவழி சென்று, பெற்றதைச் சேமியாது உண்டும் கொடுத்தும் வாழும் பரிசில் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கறியாதது. ஆயினும் மண்ணாளும் வேந்தர் பெருமைக்கு அது குறைந்ததன்று என்று கோவூர் கிழார் நிறுவுகின்றார். இரு தலையும் செல்லும் உரிமை புலவனுக்கு இல்லையாயின், முதல் மூன்று பாடல்களும் பிறந்திரா.

இப்பாடல்களின் பயன் யாது? சிறுவரும் இளந்தத்தனும் உய்ந்தனர் என்று கொளு கூறுகின்றது. முற்றுகைகள் பற்றி அவ்வாறு ஒரு சொல்லும் இல்லை. நெடுங்கிள்ளியோ காரியாற்றுத் துஞ்சியவன் என்றே வழங்கப்பெறுகின்றான். பாட்டு உயிர்களை மீட்டது. பூசலைத் தீர்த்ததற்குச் சான்றில்லை.

இதனால் பாட்டின் ஆற்றல் குறைந்ததென்று கொள்ளுதல் பொருந்தாது. அதன் இயல்பு தெளிவாகின்றது என்பதே பொருந்தும். நெருக்கடிக் காலத்தில் இரு தரப்பாரும் காணமறுக்கும் மனிதரை அவர்தம் கண்முன் நிறுத்துதலே இலக்கியத்தின் கடமை. எந்தக் கவிஞனையும் அளக்குமிடத்து, எவர் பக்கம் நின்றான் என்பதனோடு, தன்னைப் புரந்தோர்க்கு எதனைக் காட்டினான் என்பதும் வினாவாதல் வேண்டும்.