சலங்கை ஒலி: ஒரு மதிப்பீடு

கே. விசுவநாத் தெலுங்கில் இயக்கி 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சாகர சங்கமம்’, தமிழில் ‘சலங்கை ஒலி’யாக நம்மை வந்தடைந்தது. கைகூடாத காதலின் கதை என்பர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. காதலினும் கசப்பானதொரு வினா இதனுள் கிடக்கின்றது: மேடை வாய்க்காத கலைஞன், தான் கற்ற கலையை என் செய்வான்?

பாலு, திருமண வீடுகளில் சமைத்துப் பிழைக்கும் ஏழைத்தாயின் மகன். பரதம், கதக், கூச்சிப்பூடி யாவும் அறிந்தவன். திரைப்படத்துறையில் வேலை தேடிச் சென்றாலோ, அங்கே இடுப்பசைவே நடனமாகின்றது. நவீன வாழ்வைச் சாடும் இப்பகுதி கேலிச்சித்திரத்துக்கு மேல் உயரவில்லை. இத்துணை நுட்பமான ஆடலை ஊரூராகக் கொண்டு சென்றதும் அதே திரைப்படத்துறையன்றோ!

விழா மலரைப் புரட்டி, புகழ்பெற்ற கலைஞர்களின் படங்களைக் கண்டு வியந்துகொண்டே வரும் பாலு, மாதவியின் முயற்சியால் தன் படமும் அதில் இருக்கக் காண்கின்றான். சிரிப்பும் அழுகையுமாக அவன் தடுமாறும் அவ்விடத்தில் கமலஹாசன் நடிப்பை மறக்கச் செய்கின்றார். ஆயினும் தாயின் மரணம் அம்மேடையையும் பறித்துவிடுகின்றது.

ஆண்டுகள் பல கழிந்து, குடிக்கு அடிமையான பத்திரிகை விமரிசகனாக அவனைக் காண்கிறோம். மாதவியின் மகள் என்றறியாமலே ஓர் இளம் நர்த்தகியின் ஆடலைக் கடுமையாகத் தாக்கி எழுதுகின்றான். ஆசிரியப்பணியில் இருக்கும் நமக்கு இவ்விடம் உறுத்தலாயிருந்தது. அவன் எழுதியது சரியே. அதனைத் தன் உடலாலேயே ஆடிக்காட்டி மெய்ப்பிக்கின்றான். எனினும் அவ்வெழுத்தில் மாணவிக்கான பரிவு எத்துணை, தனக்குக் கிட்டாத மேடையின்மீதுள்ள கோபம் எத்துணை? படம் இதனைப் பிரித்துக் காட்டவில்லை. நம்முடைய விடைத்தாள் திருத்தங்களிலும் இவ்விரண்டும் எப்போதும் பிரிந்தே நிற்கின்றன என்று துணிந்து கூற இயலவில்லை.

கிணற்றுச் சுவர்மீது மதுமயக்கத்தில் அவன் ஆடும் காட்சியைப் பலரும் புகழ்வர். நாம் போற்றுவது அதன் முடிவையே. கைம்பெண்ணாகிய மாதவி, அவன் மனம் நோகாதிருக்கக் குங்குமம் இட்டு வருகின்றாள். மழையில் அது கரையாதபடி அவன் தன் கையைக் குடையாக்குகின்றான். பொய்யென்று அவனுக்குத் தெரியாது. அன்புக்காக மறைத்த உண்மையை அன்பே காத்து நிற்கின்றது. இதற்குத் தீர்ப்புக் கூற நாம் விரும்பவில்லை.

இளையராசாவுக்கு இப்படத்தின் இசை தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. இறுதியில் பாலுவின் மரணம் சற்று வசதியாகவே வந்து சேர்கின்றது என்பது நம் குறை. ஆனால் கைதட்டல் முழங்கும் அரங்கினின்று, சக்கர நாற்காலியில் அவனுடலை நண்பன் ரகு மழையினூடே ஓசையின்றித் தள்ளிச் செல்கையில், அக்குறையைக் குறித்துக்கொள்ள நம் கை எழவில்லை.