மெகாவாட் மயக்கம்

பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை நிறுத்தும் பேச்சு ஆரல்வாய்மொழியிலிருந்து உடுமலை வரை சூடுபிடித்திருக்கிறது. பேச்சு முழுவதும் மெகாவாட்டிலேயே நடக்கிறது. 225 கிலோவாட் எதற்கும் உதவாது, 2 மெகாவாட்டும் பழசாகிவிட்டது, 5 மெகாவாட்தான் காலத்துக்கேற்றது என்கிறார்கள். ‘நாட்டிலேயே பெரியது’ என்ற விளம்பரமே பாதி வியாபாரத்தை முடித்துவிடுகிறது. அரசும் இதே கண்ணோடுதான் பார்த்தது. ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டுக் கொள்கை, மாற்றப்பட வேண்டியவை என்று 1 மெகாவாட் வரையிலான காற்றாலைகளைக் குறித்தது; 2023இல் அந்தக் கோடு 2 மெகாவாட்டுக்கு ஏறியது, ஆயுள் முடிந்தவையும் உடன் சேர்ந்தன. காற்றாலையின் அளவை ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையில் படித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் தவறான தேர்வுகளின் வேர்.

மாற்றமே வேண்டாம் என்பதல்ல வாதம். முப்பந்தல் கணவாயின் முதல்தரக் காற்றுள்ள நிலத்தில் 1990களின் சிறு காற்றாலைகள் குட்டைக் கோபுரங்களில் நின்றுகொண்டிருப்பது வீண்தான். உயரம் கூடினால் காற்று கூடும். பல சிறிய காற்றாலைகளின் இடத்தில் ஒன்று நின்றால் அடித்தளம், பாதை, பராமரிப்பு எல்லாம் குறையும். இவற்றை மறுப்பவர் யாருமில்லை. ஆனால், இவை கோபுரமும் இறக்கையும் தரும் நன்மைகள். ஜெனரேட்டரின் கணக்கில் வரவு வைக்கக் கூடாதவை.

காற்றிலிருந்து எவ்வளவு ஆற்றலை அள்ள முடியும் என்பதை இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு தீர்மானிக்கிறது. அள்ளியதில் எவ்வளவு வரை மின்சாரமாக்கலாம் என்ற உச்சவரம்பே மெகாவாட். சுஸ்லானின் 2.1 மெகாவாட் வரிசையில் இறக்கை வட்டத்தின் விட்டம் 88 மீட்டரில் தொடங்கி 97, 111, 120 என்று வளர்ந்தது. பெயர்ப்பலகை அப்படியே இருக்க, பரப்பு 86 சதவீதம் பெருகியது. மெகாவாட்டை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அந்த வளர்ச்சி படவே படாது. மறுபக்கத்தில், என்விஷனின் 3.3 மெகாவாட் மாடலின் விட்டம் 156 மீட்டர். அதானி நிறுவனத்தின் 5.2 மெகாவாட் மாடலுக்கு 160 மீட்டர். ஜெனரேட்டர் 58 சதவீதம் பெரிது, பரப்போ 5 சதவீதம்தான் கூடுதல். வினாடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தையே தரும். கிணற்றின் ஊற்றைப் பார்க்காமல் மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்து வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

பலத்த காற்றில் பெரிய ஜெனரேட்டர் கூடுதலாகத் தருமே என்பார்கள். தரும். எப்போது தரும் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி அந்த மாதங்களில் வந்துவிடுகிறது. எல்லாக் காற்றாலைகளும் ஒருசேரச் சுழலும் ஆனி, ஆடி நாட்களில்தான் மின்கட்டமைப்பு திணறுகிறது. உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் உத்தரவுகளும் அப்போதுதான் வருகின்றன. பெரிய ஜெனரேட்டர் தரும் உபரி யூனிட்டுகள் வந்து குவிவது இந்த நெரிசலில். மார்கழியிலும் தையிலும் அது சின்னதைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. ஆனால் அதற்கென்று போட்ட டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் துணைமின்நிலையத் திறனும் ஆண்டு முழுவதும் வட்டி கேட்கும். மெகாவாட்டுக்கு ஆகும் விலை குறைவு என்று சமாதானம் சொல்பவர்கள், காற்றாலை உரிமையாளர் விற்பது மெகாவாட்டை அல்ல, யூனிட்டை என்பதை மறந்துவிடுகிறார்கள். நிலம் கிடைக்காத காலத்தில் ஒரே இடத்தில் அதிக மெகாவாட் லாபம்தானே என்ற வாதமும் நிற்காது. காற்றாலைகளுக்கு இடையே விடும் தூரம் விட்டத்தைப் பொறுத்தது என்பதால், அந்த நிலத்திலிருந்து கூடுவது பெரும்பாலும் எண்ணிக்கை மட்டுமே. பேட்டரி வந்துவிடும் என்ற நம்பிக்கையும் உதவாது. பேட்டரி பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுபோகும். ஆடிக் காற்றைத் தை மாதத்துக்குக் கொண்டுபோகாது.

கணவாயின் நேர்முகத்தில், ஆண்டில் பல மாதம் பலத்த காற்று வீசும் சில இடங்களில் பெரிய ஜெனரேட்டருக்கு நியாயம் இருக்கலாம். அந்த விதிவிலக்கை விதியாக்கி, மிதமான காற்றே வீசும் மற்ற இடங்களுக்கும் அதையே விற்பது வியாபாரம், பொறியியல் அல்ல. ஒப்பந்தப்புள்ளியில் மெகாவாட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு, அந்த இடத்தின் காற்றில் மாதவாரியாக எத்தனை யூனிட் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். அவற்றைத் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.