சாரத்தில் ஒளிந்த விலங்குகள்

மாம்புரிக் கரையில் வலை கட்டும் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கயிற்றைக் கண்டால் பார்வை தானாக முடிச்சுக்குப் போகும். மும்பை ஓவியர் ஜிதிஷ் கல்லாட்டின் ‘சர்க்கா’வைப் படங்களில் பார்த்தபோது என்னை முதலில் இழுத்ததும் கயிறுதான். 2011இல் மும்பையின் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குள் அவர் எழுப்பிய சாரம் அது. கட்டடத்தின் வெளியே நிற்க வேண்டியது, பொன்வேலை மினுங்கும் வார்ப்பிரும்புத் தூண்களுக்கு நடுவே கூச்சமில்லாமல் நின்றது. பார்வைக்கு அசல் மூங்கில். அத்தனையும் நிறமேற்றி வார்த்த ரெசின். 120 துண்டுகள்.

கிட்டப் போனால்தான் அவர் பொறுமை தெரியும். கணுவும் வரியும் பிசகாத அந்தக் கழிகளின் மேல் விலங்குகள் புடைத்து நெளிகின்றன. ஒன்றையொன்று கவ்வுகின்றன, விழுங்குகின்றன. நகரின் பழைய ரயில் நிலைய முகப்பில் கல்லாய் இருப்பவைதாம் இங்கே மூங்கிலேறி வந்திருக்கின்றன. அருங்காட்சியகமோ நீண்ட புனரமைப்புக்குப் பின் 2008இல் மீண்டும் திறந்த கட்டடம். சாரம் அதற்குப் பழகிய உடை. வேறு மண்டபத்தில் நிறுத்தியிருந்தால் இந்த வேலையில் பாதி உயிர் போயிருக்கும். அடுத்த முறை அருங்காட்சியகம் போனால், கண்ணாடிப் பெட்டிகளோடு தூண்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள்.