கப்பலிறங்கும் ஆர்மோனியம்

லிட்டில் அந்தமானின் ஹட் பே துறையில் கிறிஸ்தவ ஊழியக்காரக் குடும்பம் ஒன்று கப்பலிறங்கினால், என் கண் முதலில் ஆர்மோனியப் பெட்டியைத்தான் தேடும். தார்ப்பாய், ஜமுக்காளம், கயிற்றுக்கட்டு எல்லாம் பிறகு.

உப்புக்காற்றில் கட்டை ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்பா நகத்தால் நிமிண்டிவிட்டு வாசிப்பார். அம்மா பாட, பிள்ளைகள் தாளம் தட்டுவார்கள். கூடாரத்தின் மேல் மழை அறையும்போது குரலை உயர்த்தியும் சுருதி விலகாமல் பாடுவார்களே, அது பெரிய வித்தை.

வேதக்கதையைப் பாட்டாகச் சொல்லும் இந்த மரபின் வேர் தஞ்சாவூரில் இருக்கிறது. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஊர் ஊராகக் கதாகாலட்சேபம் செய்தவர். அவர் வழிவந்தவர்களும் பாடினார்கள். ராகமும் தாளமும் வேதக்கதையோடு பந்தலுக்கு வந்தது அப்படித்தான்.

கிடார் வரட்டும், நல்லதே. ஆனால் ஐயா, அம்மா, அடுத்த கப்பலிலும் அந்தப் பெட்டியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.