துரித காலத்திலும் தவறாத லயம்

வேகம் என்றாலே நிதானத்தை இழப்பதென்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஹார்ட்கோர் பங்க் சங்கீதத்தை வெறும் கூச்சலென்று ஒதுக்குகிறவர்களின் அபிப்பிராயமும் அதிலிருந்தே பிறக்கிறது. வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின இளைஞர் நால்வர் கூடி அமைத்த பேட் பிரெய்ன்ஸ் குழு, 1982-ஆம் வருஷம் ஒலிநாடாவாக மட்டும் வெளியிட்டதும், குழுவின் பெயரையே தாங்கியதுமான முதல் ஆல்பத்தை ஆதியோடந்தமாகக் கேட்பவர் எவரும் அந்த அபிப்பிராயத்தைக் கைவிடுவார் என்பது என் திடமான நம்பிக்கை.

மொத்தம் 15 உருப்படிகள். அவற்றில் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் 'பே டு கம்' பாட்டில், எர்ல் ஹட்ஸனின் டிரம்ஸை மட்டும் தனியே பின்தொடர்ந்து பாருங்கள்: மூச்சுவிட இடமில்லாத அந்தத் துரித காலத்திலும் ஓர் அடிகூட முந்துவதில்லை, பிந்துவதுமில்லை. இவர்கள் முன்பு மைண்ட் பவர் என்ற பெயரில் ஜாஸ் ஃப்யூஷன் பயின்றவர்கள். பிற்காலத்தில் விக்கு விநாயகராமின் கடத்தோடு சேர்ந்து வாசித்த ஜான் மெக்லாலினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை விரும்பிக் கேட்டவர்கள். அந்த அப்பியாசத்தின் பலன்தான் இந்தக் கட்டுப்பாடு. ஒலிப்பதிவு கரடுமுரடானது என்பதை மறைப்பதற்கில்லை. டாரில் ஜெனிஃபரின் பாஸ் நாதம் சில இடங்களில் அமுங்கிப்போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனெனில் டாக்டர் நோவின் கிதாரையும் டிரம்ஸையும் சிதறாமல் கட்டி நிறுத்துவது அந்த வாசிப்பே.

ஆனால் இவர்களுடைய வித்தையின் முழுப் பரிமாணமும் எனக்குப் புலப்பட்டது வேறோர் இடத்தில். 'பேன்ட் இன் டி.சி.' என்ற ஐந்தாவது உருப்படி தன் ஆவேசமெல்லாம் கொட்டி ஓய்ந்த மறுகணமே, 'ஜா காலிங்' ரெகே நடையில், பாட்டே இல்லாமல், ஒவ்வோர் அடிக்கும் நடுவே விஸ்தாரமான மௌனத்தை விட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறது. ராஸ்தஃபாரி மார்க்கத்தில் பக்திகொண்ட இவர்களுக்கு அந்தச் சௌக்க காலம் இளைப்பாறும் இடமன்று, பிரார்த்தனை. ஆகையால்தான் அங்கும் அதே லய சுத்தம், அதே சிரத்தை. சற்றுமுன் வரை கீச்சிட்டும் கர்ஜித்தும் பாடிய எச்.ஆரின் சாரீரம், ஆறு நிமிஷத்துக்கு மேல் நீளும் 'ஐ லவ் ஐ ஜா'வில் எவ்வளவு மென்மையாகக் குழைகிறது!

அதற்குப் பின் வருகிற கடைசி உருப்படிக்கு 'இன்ட்ரோ', அதாவது முன்னுரை, என்று பெயர். அது முடிந்ததும் நாடாவை மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன்.