முருங்கை மரத்துக்குத் திரும்பும் மன்னன்

ஒரு பெருங்கதை முடிந்த பின்னும் வாசகர் மனம் எழுந்து போவதில்லை. அரக்கன் மாண்டான், அரசு மீண்டது, நாயகன் வீடு திரும்பினான் என்று ஆசிரியர் ஏட்டை மூடிய பிறகும், 'அப்புறம்?' என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரலுக்கு இணங்கி, பழைய நாயகனைப் புதிய தேடலுக்கு அனுப்பும் எழுத்தாளர்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவ்வாறு திரும்ப வரும் கதை எப்போது புதியதாகிறது, எப்போது பழைய கதையின் நிழலாகத் தேய்ந்துபோகிறது என்பதே இங்கு நாம் ஆராய விழையும் பொருள். இதற்கு அயலகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறான் விக்கிரமாதித்தன்.

தொடர்கதையின் சூட்சுமத்தை ஒரு பழமொழியிலேயே அடக்கியவர்கள் தமிழர். 'காடாறு மாதம், நாடாறு மாதம்' என்கிறோம். இந்திரன் தந்த அரியணையில் ஆயிரம் ஆண்டு அமர்ந்து ஆள மன்னனுக்கு வரம். அவனுடைய மதியூகி பட்டிக்கோ காளி தந்தது ஈராயிரம் ஆண்டு ஆயுள். மன்னனைப் பிரிய மனமில்லாத பட்டி ஒரு வழி கண்டான். ஆண்டில் ஆறு மாதம் அரியணையில், ஆறு மாதம் காட்டில் என்று வகுத்தால், ஆட்சி ஆயிரம் ஆண்டாகவே இருக்க, ஆயுள் ஈராயிரமாகிவிடும். நட்புக்காகச் செய்த இந்தக் கணக்கு, கதை சொல்பவர்களுக்கும் பெரும் வரமாயிற்று. ஆண்டுதோறும் காடு உண்டு. காடு உண்டென்றால் கதையும் உண்டு.

இந்த மன்னனை நான் சந்தித்தது பள்ளிப்பட்டில், 1960-களின் பிற்பகுதியில். கடைத்தெருவில் ஒரு தையற்கடை. அதன் வாசல் பலகையில் 'அம்புலிமாமா'வும் 'சந்தமாமா'வும் அருகருகே கிடக்கும். 1947-இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தொடங்கிய அந்த இதழின் தமிழ், தெலுங்குப் பதிப்புகள் அவை. இரண்டிலும் படங்கள் ஒன்றே. எழுத்து மட்டும் வேறு. வாளேந்திய மன்னன், தோளில் தொங்கும் பிணம், சுற்றிலும் மண்டை ஓடுகள். ஓவியர் சங்கர் தீட்டிய அந்தக் காட்சியை எல்லைப்புறத்துப் பிள்ளைகள் இரு மொழிகளில் படித்தோம். எனக்கு அவன் விக்கிரமன். என் பக்கத்தில் அமர்ந்திருந்தவனுக்கு விக்ரமார்க்குடு.

கடைக்காரப் பெரியவருக்கு இரு எழுத்தும் தெரியும். வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும், மன்னனின் விடை அச்சாகியிருக்கும் பகுதியை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "ராஜா கிடக்கட்டும், நீங்க சொல்லுங்கடா" என்பார். நாங்கள் ஆளுக்கொன்று சொல்வோம். சண்டை முற்றிய பிறகே கை விலகும். இலக்கிய விமர்சனத்தில் எனக்குக் கிடைத்த முதற்பாடம் அதுவே என்று இன்று தோன்றுகிறது.

அண்மையில் பழைய இதழ்களின் கட்டு ஒன்று கைக்கு வந்தது. அறுபது வயதைக் கடந்தவன் மீண்டும் முருங்கை மரத்தடிக்குச் சென்றேன். சிறுவயதில் புலப்படாத இரண்டு செய்திகள் இப்போது புலப்பட்டன.

முதலாவது, மூலக்கதைக்கு முடிவு உண்டு என்பது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் பாடிய 'கதாசரித்சாகரம்' என்னும் பெருநூலுள் வேதாளக் கதைகள் இடம்பெறுகின்றன. துறவி ஒருவனுக்கு வாக்களித்த மன்னன், சுடுகாட்டு மரத்திலிருந்து பிணத்தைச் சுமந்துவர வேண்டும், வழியில் பேசலாகாது. பிணத்துள் குடிகொண்ட வேதாளமோ கதை சொல்லிப் புதிர் போடுகிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை வெடித்துவிடும். திறந்தாலோ பிணம் மரத்துக்கே மீண்டுவிடும். வடமொழி சிம்சபா என்று கூறும் மரத்தைத் தமிழ் வழக்கு முருங்கையாக்கிக்கொண்டது.

இருபத்து நான்காம் கதையில் மன்னன் உண்மையாகவே திகைத்துப் போகிறான். இரு பெண்களின் காலடித் தடங்களைக் கண்டு, பெரிய தடத்துக்கு உரியவளைத் தந்தையும் சிறிய தடத்துக்கு உரியவளை மகனும் மணப்பதென முடிவு செய்கிறார்கள். நேரில் கண்டால் பெரிய தடம் மகளுடையது, சிறியது தாயுடையது. சொன்ன சொல் மாறாமல் மணம் நிகழ்கிறது. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? மன்னனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். வேதாளம் மகிழ்ந்து, துறவி அவனைப் பலியிடச் சூழ்ந்திருக்கும் சதியை வெளிப்படுத்தி உயிர் காக்கிறது. இத்தனை விடைகளும் அறிந்த மன்னனைக் காத்தது அவன் அறியாத ஒன்று. அறிவு மரத்துக்குத் திருப்பி அனுப்பிற்று. அறியாமையை ஒப்புக்கொண்ட மௌனமே பயணத்தை முடித்துவைத்தது.

மாத இதழுக்கு இந்த முடிவு உதவாது. பழைய கதைகள் தீர்ந்த பின் ஆசிரியர் குழு புதுக்கதைகளைப் புனைந்து அதே தோளில் ஏற்றிற்று. மன்னன் மாதந்தோறும் விடை சொன்னான். வேதாளம் மாதந்தோறும் மரமேறிற்று. பெரும்பாலான மாதங்களில் அந்தத் துறவியைப் பற்றிய பேச்சே இல்லை. யாருக்காகச் சுமக்கிறான், எதற்காகச் சுமக்கிறான் என்பது மறைந்து, சுமப்பது மட்டும் எஞ்சியது. அதே இதழில் தாசரி சுப்பிரமணியம் தெலுங்கில் எழுதித் தமிழிலும் வந்த மாயாஜாலத் தொடர்கள் ஒவ்வொன்றும் உரிய காலத்தில் முடிந்து அடுத்ததற்கு வழிவிட்டன. விக்கிரமனுக்கு மட்டும் அந்த ஓய்வு இல்லை.

இதைக் கொண்டு புதிய வேதாளக் கதைகளை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஏனெனில் இரண்டாவது செய்தி அதைத் தடுக்கிறது. கேள்வியே அங்கு மாறியிருக்கிறது.

மூலக்கதைகளின் வினாக்கள் பெரும்பாலும் நீதிமன்ற வினாக்கள். இறந்த பெண்ணை நேசித்த மூவரில் ஒருவன் அவளுடைய சாம்பலின்மேல் படுத்துக் கிடந்தான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுசென்றான். ஒருவன் மந்திரம் கற்று உயிர்ப்பித்தான். அவள் யாருக்கு உரியவள்? உயிர் தந்தவன் தந்தைக்கு ஒப்பு, எலும்பு சுமந்தவன் மகனுக்கு ஒப்பு, சாம்பலில் கிடந்தவனே கணவன் என்பது மன்னன் தீர்ப்பு. 'யாருக்கு?', 'யார்மேல் பழி?', 'யார் உயர்ந்தவர்?' என்பவையே பழைய வேதாளத்தின் கேள்விகள்.

அம்புலிமாமாவின் வேதாளம் வேறுவிதமாகக் கேட்டது. கைக்கெட்டிய அரசையோ, பரிசையோ, மந்திர ஆற்றலையோ ஒருவன் கடைசி நொடியில் வேண்டாமென்று விட்டுச் செல்கிறான். ஏன்? மன்னனின் விடை, அந்த மனிதனின் நெஞ்சுக்குள் நடந்ததை எடுத்துக்காட்டும். நாம் கோழைத்தனம் என்று எண்ணியது தன்மானமாக இருக்கும். நன்றிகெட்ட செயலாகத் தோன்றியது பெருந்தன்மையாக இருக்கும். செயலைக் கொண்டு தீர்ப்பிடுவதிலிருந்து, செயலுக்குப் பின்னுள்ள மனத்தைப் படிப்பதற்குக் கதை நகர்ந்துவிட்டது. உரிமை வினா அக வினாவாயிற்று. பழைய நாயகனுக்குப் புதிய தேடல் வாய்த்தது என்றால் அது இங்குதான்.

இந்த வேறுபாடு பள்ளிப்பட்டுக்காரனுக்கு எளிதில் விளங்கும். எங்கள் ஊரே ஒருகாலத்தில் வேதாளத்தின் பழைய புதிராக இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. தமிழ் பேசும் பகுதிகளை மீட்க ம.பொ.சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். 'இவ்வூர் யாருக்கு உரியது?' என்ற வினாவுக்குப் படாஸ்கர், மொழியையும் கிராமத்தையும் அளவுகோலாகக் கொண்டு தீர்ப்பு வழங்கினார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தின் பகுதிகளாயின. தீர்ப்பு தேவையானதே. ஆயினும் ஒரே வீட்டில் இரு மொழி வழங்கும் தெருக்கள் அதன் பிறகும் இருந்தன. 'யாருக்கு?' என்பதற்கு விடை கிடைத்தாலும், அடுத்த வீட்டுக்காரன் ஏன் அப்படி வருந்தினான் என்பதற்கு அரசிதழில் விடை இல்லை. தையற்கடைப் பலகையில் இரு பதிப்புகளும் சேர்ந்து கிடந்ததன் பொருள் எனக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். புதிய கதைகளில் மன்னன் ஒருபோதும் தடுமாறுவதில்லை. அவன் சொன்னதே முடிவு. வேதாளம் மறுப்பதில்லை, வாசகருக்கும் இடமில்லை. முன்னுரை, கதை, ஐயம், விடை, பறத்தல் என்று ஆண்டுக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்த பிறகு, நெஞ்சைப் படிப்பதுங்கூட ஒரு சூத்திரமாகிவிட்டது. இன்னாருடைய நோக்கம் இதுதான் என்று மற்றொருவரின் அகத்தைப் பற்றி இத்தனை உறுதியாகப் பேச யாரால் முடியும்? மூலக்கதையின் மௌனத்தை நீக்கியதற்குக் கொடுத்த விலை இது. தையற்கடைப் பெரியவரின் உள்ளங்கை அந்த மௌனத்தைத்தான் சிறிது நேரம் திருப்பித் தந்தது போலும்.

இவ்விடத்தில் வேற்றுநாட்டார் ஒருவரை நினைப்பது பயன்தரும். 1954, 1955-ஆம் ஆண்டுகளில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பெருங்கதையை வெளியிட்ட கத்தோலிக்க எழுத்தாளர் டோல்கீன், அதன் தொடர்ச்சியாக 'தி நியூ ஷேடோ' என்றொரு கதையைத் தொடங்கினார். சில பக்கங்களோடு கைவிட்டார். விறுவிறுப்பான சதிக்கதையாக அதை எழுத முடியும், ஆனால் எழுதத் தகுந்ததன்று என்று கருதினார். புதிய பகைவன் கிடைத்தான். புதிய கேள்வி கிடைக்கவில்லை. நிறுத்தத் தெரிந்ததும் ஒரு கலைத்திறனே.

புதிய கேள்வி கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள்? இரு ஆடவரின் தலைகள் மாறிப் பொருந்திய வேதாளக் கதையில், தலை யாருடையதோ அவனே கணவன் என்று மன்னன் தீர்த்துவைத்தான். 1940-இல் ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் அக்கதையைக் குறுநாவலாக்கினார். பின்னர் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 'ஹயவதன' நாடகமாக்கினார். தீர்ப்புக்குப் பின் அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள் என்பதிலேயே இருவரின் அக்கறையும் ஊன்றியது. விக்கிரமனின் விடை போதாமற்போன இடத்தில் அவர்களுடைய கதை வேர்விட்டது. 2017-இல் வந்த 'விக்ரம் வேதா' திரைப்படமும் காவலரையும் குற்றவாளியையும் மன்னனாகவும் வேதாளமாகவும் நிறுத்தி, இறுதியில் இருவரும் துப்பாக்கியேந்தி எதிரெதிரே நிற்கும்போது திரையை இருளாக்கிவிட்டது. அந்த இருளில் பழைய மௌனத்தின் சாயல் உண்டு.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது: தொடர்ந்து வரும் பெருங்கதைக்குப் புதுமை தருவது புதிய நாடோ, புதிய அரக்கனோ, புதிய வாளோ ஆகாது. முந்தைய விடையில் எங்கே ஓட்டை என்று கண்டு, அங்கிருந்து எழும் கேள்வியே கதைக்குப் புத்துயிர். அது உள்ளவரை நாயகன் எத்தனை முறை காட்டுக்குப் போனாலும் நாம் உடன் செல்வோம். அது தீர்ந்த நாளில் அவனை அரியணையில் அமர்த்திவிடுவதே அவனுக்குச் செய்யும் மரியாதை.

அம்புலிமாமா 1998-இல் ஒருமுறை நின்று, மறு ஆண்டு மீண்டு வந்தது. 2007-இல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறி, சில ஆண்டுகளில் முற்றிலும் நின்றது. ஓவியர் சங்கர் 2020-இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். மன்னன் சுடுகாட்டை அடைந்ததாகக் கதை வரவில்லை. அவன் இன்னும் வழியிலேயே இருக்கிறான்.

சென்ற மாதம் அந்தக் கட்டிலிருந்து ஒரு கதையை என் பேரனுக்குப் படித்துக் காட்டினேன். கேள்வி வந்ததும் விடையை உள்ளங்கையால் மூடினேன். அவன் யோசித்து ஒரு விடை சொன்னான். கையை விலக்கினால் மன்னன் சொல்லியிருந்தது வேறு. "ராஜா சொன்னதுதான் சரியா, தாத்தா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. சற்று நேரம் இருவரும் பேசாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.